நேரான கிழிசல்

தோல் என்று சொல்லித்தான் விற்றார்களாம்.
விளிம்பில் நூலளவு கீறியெடுத்து
லைட்டரில் காட்டினேன்.
சுருண்டது, கறுத்தது,
பிளாஸ்டிக் வாளி எரியும் மணம்.
தோலென்றால் மயிர் கருகும் மணம் வரும்.
நவ்பர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்:
"ஏழு வருசமா மாட்டுக்கு மேல இரிக்கன் எண்டு நெனச்சிட்டன்."

அநுராதபுரச் சந்தி தாண்டி
டயர்க் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் என் கொட்டகை.
பலகையில் 'குஷன் வேலை' என்று மட்டும்.
பெயர் போட்டால் "ஐயா இல்லையா?" என்பார்கள்.
போடாவிட்டாலும் என்கிறார்கள்.

வெடிப்புகளை வாசிக்கலாம்.
முதுகின் மேற்பாதியில் வலையாய் விரிந்தது
நிலாவெளியில் நிழலில்லாமல் நிறுத்திய வெயில்.
வலது விளிம்பில் தோலுரிந்தது
ஏறி இறங்கி ஏறிய இடுப்பு.
நடுப்பள்ளம் எண்பத்தெட்டுக் கிலோ,
அவர் எழுபத்தைந்து என்பார்.
கடைசி வரிசையில் பொட்டுப் பொட்டாய்த் துளைகள்:
டியூஷன் பிள்ளைகளின் கவராயம்.

முதலில் சவர்க்காரம், பிறகு ஸ்பிரிட்.
மெல்லிய சாண்ட் பேப்பரால் ஒரு தேய்ப்பு.
இடுக்கியால் வெடிப்புக்குள் துணி நுழைத்து,
பசை, அதன்மேல் நிரப்பு,
காயும்வரை தேநீர்.
அவசரப்பட்டால் குமிழி வரும்.
சீட்டின் அடியில், யாரும் குனியாத இடத்தில்
ஒரு துண்டு வெட்டி
அதன் முகத்தைச் சூட்டோடு அழுத்தினால்
ஒருநாளும் மேயாத ஒரு மாட்டின்
மயிர்க்கண்கள் மறுபடி பதியும்.
நிறத்துக்குச் சாம்பலில் ஒரு சொட்டு நீலம், அரைச் சொட்டு மண்:
உள்துறைமுகம்,
மழைக்குப் பத்து நிமிடம் முந்தி.

இரண்டாம் வரிசையின் உறையை உரித்தபோதுதான் கண்டேன்.
பழைய கைத்தையல். வலை முடையும் நைலோன்.
அதன் கீழே ஒரு சாண் கிழிசல்,
அடிமட்டம் வைத்த மாதிரி.

வெயில் நேராகப் போகாது.
பாரமும் போகாது.
பிள்ளைகள் இப்படிக் கோடு கீறினால்
கணக்கு வாத்தியார் கும்பிடுவார்.
இது கத்தி.
ஒரே இழுவை, நடுக்கமில்லை.
உள்ளே பஞ்சிலும் வெட்டு,
ஒரு கை புகுந்து துழாவி
ஒன்றுமில்லாமல் திரும்பிய அகலத்துக்கு.

வான் எந்த ஆண்டு என்று கேட்டேன்.
தொண்ணூற்றாறு.
நவ்பர் நாலாவது உடைமைக்காரர்,
முதலாமவர் மூதூர்ப் பக்கமாம்,
புத்தகத்தில் பெயர் நனைந்துபோயிற்று.

பத்தொன்பது வயதில் நானும் இறங்கி நின்றிருக்கிறேன்,
அடையாள அட்டை ஒரு கையில்
செருப்பு மறு கையில்,
பின்னால் வானுக்குள் ஏதோ கிழியும் சத்தம்.
இந்த வானா, வேறா,
திரும்பிப் பார்க்க விடவில்லை.

"அது என்ன?" என்றார் நவ்பர்.
"பழசு."
"மறையுமா?"
"கண்ணுக்கு மறையும். விரலுக்குத் தெரியும்."
"விரல ஆரு வைக்கப் போறா," என்று
டயர்க் கடைக்குக் கதைக்கப் போய்விட்டார்.

நைலோனை நான் அறுக்கவில்லை.
அந்த முடிச்சு என்னுடையதைவிட நல்லது.
அடியில் துணி கொடுத்து
இருபக்கமும் இழுத்துச் சேர்த்து
மேலே பூசினேன், மூன்று தரம்.
மற்ற வெடிப்புகளுக்கு இரண்டு போதும்.

சாரதி சீட்டை நாளைக்கென்று வாசலில் விட்டிருந்தேன்.
பொழுதுபட மான்கள் வந்தன,
வழமைபோல பேக்கரிக் குப்பைக்கு.
கொம்பில்லாத ஒன்று மட்டும் விலகி வந்து
சீட்டின் முதுகை நக்கத் தொடங்கியது.
ஏழு வருச வியர்வை, நல்ல உப்பு.
துரத்த எழுந்தவள்
கண்ணை மூடி நக்குவதைப் பார்த்து
உட்கார்ந்துவிட்டேன்.
கழுவும் வேலையில் பாதி மிச்சம்.

பில்லில் எழுதினேன்:
உத்தரவாதம் ஆறு மாதம்.
கச்சான் அடித்தால் நாலு.
மான் நக்கினால் பொறுப்பில்லை.
மூன்றாம் பூச்சுக்குக் காசு போடவில்லை.